ஹார்ஸ் மலையில் ஒரு சோதனைச் சாவடி

ஜேர்மனியிலுள்ள ஹார்ஸ் மலையை நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன், பார்த்ததில்லை. இரண்டு பிளவுகளுக்கு நடுவே நிலம் மேலே தள்ளப்பட்டு மலையாக நிற்பதற்கு உதாரணமாக, அதன் குறுக்குவெட்டுப் படத்தை உயர்தரப் புவியியல் வகுப்பில் வெண்கட்டியால் வரைவேன். மாணவர்கள் பார்த்து வரைவார்கள். பரீட்சையில் கேட்டால் எழுதுவார்கள். அந்த மலையில் பனி எவ்வளவு ஆழம் கிடக்கும், அங்கே ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஏன் சொல்ல முடியாது, அதன் தோளில் ஒரு தேசம் எப்படி முடிகிறது என்பதெல்லாம் குறுக்குவெட்டுப் படத்தில் வராது.

எண்பத்தேழாம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் மகள் வீட்டிலிருந்து மேற்கு ஜேர்மனிக்கு நான் போனது மலை பார்ப்பதற்காக அன்று. என் தங்கையின் மகன் மகேந்திரன் வடமேற்கிலுள்ள ஒரு சிறு நகரத்தில் உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தான். அவனுடைய சிநேகிதர் பாலன் என்பவருக்கு அகதி விண்ணப்ப விசாரணை வரும் புதன்கிழமை. அதற்கு முன்னர் வாக்குமூலத்தை ஒழுங்காக எழுதித் தருவதற்கு நம்பிக்கையான ஒருவர் வேண்டும் என்று மகேந்திரன் தொலைபேசியில் கேட்டான். இத்தகைய வேலையை லண்டனில் நான் பலருக்குச் செய்திருக்கிறேன். கூலி வாங்கியதில்லை, பொய் எழுதியதுமில்லை. இவை இரண்டும் தெரிந்தவர்களே என்னிடம் வருவார்கள்.

பாலன் முப்பதை எட்டாதவர், யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். அகதிகள் விடுதியில் அவருடைய அறையிலே எதிரும் புதிருமாக அமர்ந்தோம். பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாவற்றுக்கும் மறுமொழி வந்தது. தமையனைப் பற்றிக் கேட்டதும் வாய் மூடிக்கொண்டது. தமையன் கொழும்புச் சாலையில் ஆனையிறவு இராணுவச் சோதனைச் சாவடியில் சுடப்பட்டவர். எப்படிச் சுடப்பட்டார் என்பதைப் பாலன் எவருக்கும் சொன்னதில்லை. அதைச் சொல்லாவிட்டால் விசாரணை மேசையில் வைப்பதற்கு வேறொன்றும் அவரிடம் இல்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டு, வந்த வழியே அனுப்பப்படுவார். வெள்ளிக்கிழமை மாலைவரை முயன்றேன். அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நாலு சுவருக்குள்ள வைச்சுக் கேட்டால் அவன் வாய் துறக்கமாட்டான்,” என்றான் மகேந்திரன். “ஒருக்கால் வெளியில கொண்டுபோவம். எங்கட முதலாளி நிலவறையைத் துப்பரவாக்கேக்க மூண்டு சோடி ஸ்கீ எடுத்து வெளியில எறிஞ்சவன். ‘கொண்டு போ, இல்லாட்டி வெட்டி அடுப்பில போடுவன்’ எண்டான். காரில கிடக்குது.”

“எங்கே போவதாக உத்தேசம்?”

“ஹார்ஸ் எண்டொரு மலை இருக்காம்.”

“இருக்காம் இல்லை,” என்றேன். “இருக்குது.”

அவ்வளவில் பயணம் முடிவாயிற்று.

சனிக்கிழமை விடியலில் புறப்பட்டோம். மகேந்திரனின் காருக்கு வயது அதிகம். வெப்பமூட்டி இடையிடையே மட்டும் வேலை செய்தது. பின் ஆசனத்தில் பாலன். ஸ்கீ கட்டைகள் அவருடைய தோளருகே தொடங்கி என் காதருகே வந்து முடிந்தன. நான் கழுத்துப்பட்டியும் கம்பளி மேலங்கியும் தொப்பியும் அணிந்திருந்தேன். மலைக்குப் போவதற்கு இது பொருத்தமா என்று மகேந்திரன் கேட்டான். அறியாத இடத்துக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு போகவேண்டும் என்பதே நான் பழகிய முறை.

மடியில் பிட்டுப் பொட்டலம் இருந்தது. கோதுமை மாவில் அவித்தது. தேங்காய்ப்பூ பெட்டியில் அடைத்து விற்கும் உலர்ந்த பூ. இடிச்ச சம்பல் மட்டும் ஊர்ச் சம்பலாகவே இருந்தது. வாகனங்கள் பறக்கும் அந்த நெடுஞ்சாலையில் பிட்டு உண்பது, ஓடும் புகையிரதத்தின் கூரையில் அமர்ந்து உண்பதைப் போன்ற அனுபவம்.

ஓரிடத்தில் ஒரு மஞ்சள் பலகையைக் கடந்தபோது பாலன் ஆசனத்தில் தாழக் குனிந்தார்.

“ஏன் குனியிறீர்?” என்று கேட்டேன்.

மறுமொழி மகேந்திரனிடமிருந்து வந்தது. “அது மாமா... விண்ணப்பம் முடியுமட்டும் இவையள் தங்கட மாவட்டத்தைத் தாண்டேலாது. தாண்டிறதெண்டால் அனுமதிக் கடுதாசி வேணும்.”

“எடுத்திருக்கிறியளோ?”

“கேட்டால் தருவாங்களே? அதுவும் ஸ்னோவில சறுக்கப்போறம் எண்டு கேட்டால்?”

காரைத் திருப்பும்படி சொன்னேன். வழியில் ஒரு பொலிஸ்காரர் கை காட்டினால் போதும்: புதன்கிழமை அதிகாரியின் மேசையில் தமையனின் மரணத்துக்கு முன்னதாக இந்தக் குற்றம் போய் அமர்ந்திருக்கும். ஆனால் அந்தச் சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. அடுத்த வெளிவாயில்வரை போகவேண்டும். வெளிவாயிற் பலகை தெரிந்தபோது பாலன் தாமாக வாய் திறந்தார்.

“மாஸ்டர், இந்த நாட்டுக்கு வந்து பஸ் ஸ்ராண்டைத் தாண்டி நான் ஒண்டும் பாக்கேல்லை.”

இரண்டு நாட்களில் நான் கேளாமலே அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. நான் மகேந்திரனைப் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை. வெளிவாயில் பின்னால் போயிற்று.

பிற்பகலில் காடு தொடங்கியது. எங்கள் ஊர்க் காட்டில் குரங்கோ குருவியோ எதுவோ ஒன்று வாய் ஓயாமல் இருக்கும். இங்கே ஊசியிலை மரங்கள் பனியைச் சுமந்துகொண்டு அசையாமல் நின்றன. கார் தன் சத்தத்தைத் தானே விழுங்கிக்கொண்டு ஏறியது. தமிழ் ஒலிபரப்பு ஏதும் கிடைக்குமா என்று மகேந்திரன் வானொலியின் சிற்றலையைத் திருகினான். ஒரு பெண்குரல் கிடைத்தது. அது ஜேர்மன் மொழியில் எண்களை வாசித்தது. ஐந்து எண்கள், இடைவெளி, மறுபடி ஐந்து எண்கள். ஏற்ற இறக்கமற்ற குரல்.

“லொத்தர் முடிவாக்கும்,” என்றான் மகேந்திரன்.

பரிசு விழுந்தவர்களுக்கு அப்படி வாசிக்கமாட்டார்கள்; ஒளிந்திருக்கும் ஒற்றனுக்கு வாசிப்பார்கள். அணைக்கச் சொன்னேன். அணைத்த பின்னும் சிறிது நேரம் அந்தக் குரல் காதில் எண்ணிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஒரு கிளைச்சாலையில் தவறாகத் திரும்பினோம். சாலை காட்டுக்குள் நேராகப் போய், குறுக்கே கிடந்த ஒரு சிவப்பு வெள்ளைத் தடுப்பில் நின்றது. நாங்கள் இறங்கினோம். தடுப்புக்கு அப்பாலும் சாலை தொடர்வது பனியின் கீழே தெளிவாகத் தெரிந்தது. இரு ஓரங்களிலும் மைற்கற்கள்கூட நின்றன. ஆனால் சாலையின் நடுவிலே ஆள் உயரத்துக்கு மரங்கள் வளர்ந்திருந்தன. தொலைவில் ஒரு கம்பி வேலி. அதன் பின்னால் கால்களில் நிற்கும் ஒரு காவற்கூடு. கூட்டின் கண்ணாடியில் ஏதோ ஒன்று நகர்ந்தது, அல்லது வெளிச்சம் நகர்ந்தது.

“ரோட்டு முடிஞ்சுதோ?” என்றான் மகேந்திரன்.

“முடியேல்லை. அங்கால போகுது,” என்றார் பாலன். “அது கிழக்கு ஜேர்மனி. நான் அந்தப் பக்கத்தாலதான் வந்தனான், மாஸ்டர். மொஸ்கோவால கிழக்கு பேர்ளினில இறங்கி, பிறகு ரெயினில இந்தப் பக்கம். அங்க ஒரு ஆமிக்காரன் என்ர கடுதாசியை வாங்கிப் பாத்திட்டுப் போ எண்டு விட்டவன். ஒண்டும் கேக்கேல்லை. நல்லவங்கள்.”

நல்லவர்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு ஒரு மறுப்பும் தோன்றவில்லை. ஆயுதம் தாங்கியவன் கடதாசியைப் பார்த்துவிட்டுப் போக விட்டால் அவனை வேறு எப்படி அழைப்பது?

மலையூரில் மலிவான விடுதி ஒன்று கிடைத்தது. உணவறையில் முப்பது பேருக்குப் போதுமான மேசைகளில் விரிப்பும் கத்தியும் முள்ளும் வைக்கப்பட்டிருந்தன. விருந்தாளிகள் நாங்கள் மூவர் மட்டுமே. சுவரிலிருந்து மான் தலைகள் எங்களைப் பார்த்தன. விடுதி அம்மையார் உயரமானவர், எழுபதை அண்மித்தவர். எங்கள் பத்திரங்களைக் கேட்டார். என் கடவுச்சீட்டை நீட்டினேன். மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, “மூவருக்கும் இது போதும்,” என்றார். மகேந்திரன் மொழிபெயர்த்தபோது பாலனின் தோள் இறங்கியதைக் கண்டேன்.

பட்டாணிக் கூழ் கொண்டுவந்தார். அதிலே பன்றியிறைச்சித் துண்டுகள் மிதந்தன. நான் சைவம் என்று மகேந்திரன் சொன்னான். அம்மையார் என் கோப்பையை எடுத்துப் போய், துண்டுகளை மட்டும் அகற்றிவிட்டு அதையே திரும்ப வைத்து, “இப்போது சைவம்,” என்றார். நான் பாணும் அவித்த உருளைக்கிழங்கும் உண்டேன். உபசரிப்பைக் குறை சொல்வது முறையன்று.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வெளியே இருட்டத் தொடங்கிய மலையிலிருந்து, இரும்பு இரும்பின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும் சத்தம். நீண்டு போகும், நிற்கும், திரும்பி வரும். மகேந்திரன் அம்மையாரிடம் கேட்டான்.

“மறுபக்கத்து நாய்கள்,” என்றார் அவர். “ஒரு கம்பியை நீளமாகக் கட்டி அதிலே சங்கிலியைக் கோத்திருக்கிறார்கள். கம்பியின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் ஓடும். இரவும் பகலும் கேட்கிறோம். எங்களில் ஒருவரும் கண்டதில்லை.” பிறகு, நாளைக்கு நாங்கள் மலைக்குப் போவதானால் வலது பக்கத்தில் நடப்பட்டிருக்கும் கம்புகளுக்கு அப்பால் போகவேண்டாம் என்றார். “பலகை இருக்கிறது. பனி மூடினால் தெரியாது.”

அவர் போன பின்னும் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. பாலன் கரண்டியை வைத்துவிட்டார்.

“அங்கயும் ஒரு நாய் நிண்டது,” என்றார்.

“ஆனையிறவிலோ?” என்று கேட்டேன்.

“பஸ்ஸால இறக்கி வரிசையில விட்டவங்கள். அண்ணை முன்னுக்கு, நான் பின்னுக்கு. ஆமிக்காரன் அடையாளக் காட்டை வாங்கிப் பாத்தவன். பாத்துக்கொண்டே நிண்டவன். பிறகு காட்டைத் திருப்பிக் குடுத்தான். முடிஞ்சுதெண்டு நினைச்சு அண்ணை திரும்பி நடந்தவர்.” சிறிது நேரம் சங்கிலியைக் கேட்டார். “போகச் சொல்லமுந்தித் திரும்பிட்டார், மாஸ்டர். அவ்வளவுதான்.”

எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தார், பிறகு தம் கூழை முழுவதும் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் சாம்பல் நிறமாகத் தாழ்ந்திருந்தது. ஏறிச் செல்ல ஓர் இழுவைக் கயிறு உண்டு. அதற்கான கட்டணத்தைப் பார்த்துவிட்டு, நடந்தே ஏறக்கூடிய ஒரு வெறுஞ்சரிவைத் தேர்ந்தோம். அங்கே எங்களைத் தவிர எவரும் இல்லை. தேவாலய மணி கீழே ஒலித்து நின்றது. அதன் பிறகு, வேறொருவர் மூச்சுவிட்டாலும் கேட்கும் அமைதி.

மகேந்திரன் இரண்டு முறை உருண்டான், மூன்றாம் முறை நின்றபடியே சரிந்து, “ஐயோ, பிறேக் எங்க?” என்று கத்திக்கொண்டு ஒரு பனிமேட்டில் புதைந்தான். பாலன் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். என்னையும் கட்டைகளில் ஏற்றினார்கள். நான் நிமிர்ந்து நின்று, சரிவின் நியாயத்துக்கு உட்பட்டுச் சிறிது தூரம் போனேன். விழுந்தேன் என்று மகேந்திரன் சொல்வது தவறு. வேகம் மிகுவதைக் கண்டு அமர்ந்தேன்.

“மாஸ்டர், வடிவாய்ப் போறியள்!” என்றார் பாலன். “கழுத்துப்பட்டியோட இந்த மலையில சறுக்கின ஆள் நீங்கள்தான்.”

மூடுபனி வந்தது என்று சொன்னால் அது சரியாகாது. எங்களைச் சுற்றியிருந்தவை ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. முதலில் கீழே தெரிந்த கூரைகள், பிறகு இழுவைக் கயிறு, பிறகு மகேந்திரன். அந்த நேரம் பார்த்துப் பாலன் கழற்றி வைத்த ஒரு கட்டை தானாக வழுக்கிக்கொண்டு மரங்களின் பக்கமாகப் போயிற்று. மகேந்திரனின் பொருள் என்று அவர் அதன் பின்னால் இறங்கினார். அவரைத் தனியே விட மனமின்றி நானும் என் கட்டைகளைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

கட்டை ஒரு மரத்தடியில் முட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினால் எங்கள் காலடிகளைக் காணவில்லை. மகேந்திரன், “மாமா!” என்று கூப்பிடுவது கேட்டது, முன்னாலிருந்து கேட்டது, பின்னாலிருந்தும் கேட்டது. பனி மூடிய இளமரங்கள் வெள்ளைத் துணி போர்த்தி நிறுத்தப்பட்ட ஆட்களைப் போல நின்றன. ஓரிடத்தில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் பட்டைகள் தீட்டிய ஒரு தூண் இடுப்பளவு பனியில் புதைந்திருந்தது. சறுக்குபவர்களுக்கு வழிகாட்டும் தூண் என்று எண்ணி, நல்ல திசையில் போகிறோம் என்ற தைரியத்தோடு அதைத் தாண்டி நடந்தோம்.

பிறகு ஒரு மரத்தடியில், மரமல்லாத ஒன்றைக் கண்டோம்.

சாம்பற் பச்சைச் சீருடை. மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி. அவனுடைய மயிர்த்தொப்பியிலும் தோள்களிலும் பனி படிந்திருந்தது. ஆகவே நெடுநேரம் அங்கேயே நின்றிருக்கவேண்டும். நாங்கள் சிரித்ததையும் சறுக்கியதையும் அவன் கேட்டுக்கொண்டே நின்றிருக்கவேண்டும். மிக இளையவன். எங்களையே பார்த்தான். பேசவில்லை.

இப்படியான நிலையில் ஓர் ஐரோப்பியர் நின்றிருப்பார், அல்லது திரும்பி ஓடியிருப்பார். எங்கள் ஊரவர்கள் இரண்டையும் செய்வதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் பார்த்துவிட்டால் நிற்கக்கூடாது. நின்றால் எதையோ மறைக்கிறாய் என்று பொருள். ஓடினால் அதற்குப் பொருளே தேவையில்லை. அடையாள அட்டையை அவன் காணும்படி உயர்த்திப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக, மெதுவாக அவனை நோக்கி நடக்கவேண்டும். கொழும்பு பஸ்ஸில் ஆனையிறவைக் கடந்த ஒவ்வொருவரின் காலுக்கும் இது தெரியும். பாலன் தம் அகதிப் பத்திரத்தை எடுத்து உயர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் நானும் நடந்துகொண்டிருந்தேன். என் வலக்கையில் கடவுச்சீட்டு உயர்ந்திருந்தது. இடக்கையில் தொப்பி இருந்தது. இரண்டையும் எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

பின்னாலிருந்து ஒரு கூச்சல். “திரும்புங்கள்! திரும்பி வாருங்கள்! அது மறுபக்கம்!”

அந்த அளவு ஜேர்மன் எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். பச்சைச் சீருடையில் ஒரு பெரிய மனிதர், மேற்குப் பக்கத்து எல்லை அலுவலர், பட்டைகள் தீட்டிய அந்தத் தூணருகே நின்று இரு கைகளையும் வீசிக்கொண்டிருந்தார். தூணுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நாங்கள். புவியியல் படித்தவனுக்கு அது போதும்.

“பாலன், நில்லும்!” என்றேன். அவர் நிற்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவருடைய முதுகில் எந்த அசைவும் இல்லை. மரத்தடியில் நின்ற இளைஞன் இரு கைகளாலும் எதையோ முகத்துக்கு உயர்த்தினான். கிளிக் என்றது. புகைப்படக் கருவி. மற்றொரு மரத்தின் பின்னாலிருந்து இன்னொருவன் வந்தான். அவன் பாலனை நோக்கிக் கையை நீட்டினான். கடதாசியை வாங்குவதற்கு நீட்டும் கை. பாலன் அந்தக் கையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அவரைத் தமிழில் கூப்பிட்டுப் பயனில்லை என்பதை அப்போது விளங்கிக்கொண்டேன். ஆங்கிலமும் ஜேர்மனும் அவரைத் திருப்பமாட்டா. சோதனை முடியவில்லை, போகச் சொல்லவில்லை, சொல்லுமுன் திரும்பினால் என்ன ஆகும் என்று அவர் கண்ணால் கண்டவர்.

நான் யார் என்பதை இந்த இடத்தில் சொல்லவேண்டியிருக்கிறது. கல்லூரிக்கு வருமுன் கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தேன். சிங்களம் மட்டும் சட்டம் வந்து, தேர்ச்சிப் பரீட்சை எழுதினால்தான் சம்பள உயர்வு என்று ஆனபோது எழுத மறுத்து வெளியேறினேன். அன்றிலிருந்து அந்த மொழியின் ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. வெறுப்பினால் அன்று, கொடுத்த வாக்கினால். ஆனையிறவில் துப்பாக்கிக்கு முன்னால் நின்றபோதும் ஆங்கிலத்திலேயே மறுமொழி சொன்னேன். என்னை அறிந்தவர்கள் என்னை அதனால் அறிவார்கள்.

“ஹரி! யன்ன!” என்று கத்தினேன்.

சரி, போ. அவ்வளவுதான் பொருள்; சோதனை முடிந்ததும் சாவடிச் சிப்பாய் சிங்களத்தில் சொல்வது. ஆனால் சொன்ன குரல் என்னுடையதாக இருக்கவில்லை. வெயிலில் நின்று அலுத்துப்போய், அடுத்தவனை வரச்சொல்லும் அவசரத்தோடு, தொண்டையின் அடியிலிருந்து எறியப்படும் குரல். அது என்னுள் எங்கே இருந்தது என்று நான் அறியேன். மரங்களில் மோதி இரண்டாம் முறையும் கேட்டது.

பாலன் நின்றார். உயர்த்திய கையைத் தாழ்த்தினார். கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு திரும்பி, தலை குனிந்து, அவசரப்படாமல், என்னைக் காணாமலே என்னைக் கடந்து நடந்தார். சோதனை முடிந்தவர்கள் பஸ் நிற்கும் இடத்துக்கு அப்படித்தான் நடப்பார்கள். நான் அவர் பின்னால் நடந்தேன். கடைசியாக ஒருமுறை பார்த்தபோது அந்த இரண்டாமவனின் கை நீட்டியபடியே இருந்தது. மூடுபனி அதை மறைத்தது.

அலுவலர் எங்களைத் தூணுக்கு மேற்கே வெகுதூரம் கூட்டிச்சென்ற பிறகே பேசினார். “இன்னும் பத்து அடி போயிருந்தால் உங்களைக் கொண்டுபோயிருப்பார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்போம்.” அங்கே நிற்பவர்கள் ஒருநாளும் பேசுவதில்லை என்றும், எத்தனையோ காலமாகப் பார்க்கும் முகங்களில் ஒன்றின் குரலைக்கூடத் தாம் கேட்டதில்லை என்றும் சொன்னார். பிறகு பத்திரங்களைக் கேட்டார்.

நான் முன்னால் நின்றேன். “மூத்தவன் நான். அழைத்து வந்தவனும் நான். என் பெயரை எழுதுங்கள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் கடவுச்சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார். அவருடைய கண்கள் பாலனின் சட்டைப்பையில் தெரிந்த கடதாசியில் சிறிது நேரம் நின்றன. பாலன் நடுங்கிக்கொண்டிருந்தார். “அவருக்குச் சூடாக ஏதாவது கொடுங்கள்,” என்று சொல்லிவிட்டு அலுவலர் பேனாவை மூடினார். என் பெயர் இதுவரை எந்தப் பொலிஸ் பதிவிலும் இருந்ததில்லை, இப்போது இருக்கிறது.

கீழே காத்திருந்த மகேந்திரனோடு காரில் திரும்பினோம். காடு முடிந்து விளக்குகள் தெரியத் தொடங்கிய பிறகு பின்னாலிருந்து பாலன் கேட்டார்.

“மாஸ்டர், அவன் எப்பிடி இஞ்ச வந்தவன்?”

“ஆர்?”

“எங்கட ஆமிக்காரன். பின்னால நிண்டு என்னைப் போகச் சொன்னவன். நான் முகத்தைப் பாக்கேல்லை. பாக்கக் கூடாதுதானே.” அவருடைய குரல் மிகத் தெளிவாக இருந்தது. “புதன்கிழமை விசாரணையில இதையும் சொல்லப்போறன். அவங்கள் இந்த மலையிலயும் நிக்கிறாங்கள் எண்டு.”

விசாரணை அதிகாரிகளை நான் அறிவேன். ஜேர்மன் மலையில் இலங்கை இராணுவத்தைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால், ஆனையிறவில் தமையனைச் சுட்டார்கள் என்று அவர் சொல்வதையும் அதே கோப்பில் வைத்து மூடிவிடுவார்கள். மூடுபனியில் தோன்றிய மயக்கம் என்று நான் சொல்லலாம். என் பெயருக்கு ஒன்றும் வராது. ஆனால் காதால் கேட்டதைக் கேட்கவில்லை என்று நம்பவைத்தால், கண்ணால் கண்டதை அவர் புதன்கிழமை எந்தத் துணிவில் சொல்வார்?

வாகனங்கள் தரிக்கும் ஓரிடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன்.

“தம்பி, அங்க ஒருத்தரும் வரேல்லை. கத்தினது நான்.”

அவர் சிரிக்க முயன்றார். “உங்களுக்குச் சிங்களம் வராதெண்டு ஊருக்கே தெரியும், மாஸ்டர்.”

திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, மலையில் சொன்னபடியே, அந்தக் குரலிலேயே சொன்னேன். மகேந்திரனின் கை ஸ்ரியரிங்கிலிருந்து விழுந்தது. பாலனின் கை சட்டைப்பைக்குப் போய் நின்றது. வெகுநேரம் என் வாயையே பார்த்தார்.

“நல்லாய் வருகுது,” என்றார் கடைசியில். “எங்க பழகினீங்கள்?”

“பழகேல்லை. வரிசையில நிண்டனான்.”

“ஓம்,” என்றார். “நாங்களுந்தான்.”

“மாமா,” என்றான் மகேந்திரன், “இதை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.” நான் லண்டன் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்பது அதன் பொருள்.

அகதிகள் விடுதிக்கு வந்ததும் பாலன் மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மேசைக்கு எதிரே அமர்ந்து, “எழுதுங்கோ மாஸ்டர்,” என்றார். பஸ் நின்றதிலிருந்து தொடங்கினார்: வெயில், நாய், முன்னால் நின்ற தமையனின் சட்டை, அட்டையைத் திருப்பிக் கொடுத்த கை. மலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு வந்தவர், அந்தக் கை அட்டையைக் கொடுத்த இடத்தில் நின்றார்.

“அதுக்குப் பிறகு அவன் ஒண்டு சொல்லவேணும். அதைச் சொல்லேல்லை எண்டுதான் நான் புதன்கிழமை சொல்லவேணும். என்ன சொல்லேல்லை எண்டு அவங்கள் கேப்பாங்கள்,” என்றார். “அந்தச் சிங்களச் சொல்லு எனக்கு வாயில வருகுதில்லை. நீங்கள் சொல்லுங்கோ. நான் கேட்டிட்டுச் சொல்லுறன்.”

அந்த விடுதியில் அறைகளைப் பிரிப்பது மெல்லிய பலகை. இருபுறமும் எங்கள் ஊர்ச்சனம்; ஒரு பக்கம் சீட்டாட்டம், மறுபக்கம் குழந்தைக்குச் சோறு ஊட்டும் ஒரு பெண்ணின் பேச்சு.

சொன்னேன்.

சீட்டாட்டம் நின்றது. அந்தப் பெண்ணின் பேச்சும் நின்றது. பலகைகளுக்கு அப்பால் எல்லோரும் அந்தச் சிங்களக் குரலைக் கேட்டுவிட்டார்கள். பாலன் தம் உதடுகளை அசைத்துப் பார்த்தார்; வரவில்லை. மறுபடி கேட்டார். நான் குரலைத் தாழ்த்தாமல் மறுபடி சொன்னேன்.